கிரேயமின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்

இந்த நாட்டில் ஜெபத்துக்கும் பள்ளிக்கூட விடுமுறை உண்டு. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைக்கலாம். நானும் முதலில் நம்பவில்லை. சிட்னிக்கு வந்த புதிதில் ஒரு புதன்கிழமை காலை, பைபிளையும் ஒரு பெட்டி பற்றிஸ் பலகாரத்தையும் தூக்கிக்கொண்டு லிட்கம்மில் ரயில் ஏறி, இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி, எங்கள் அங்கிலிக்கன் கோயில் மண்டபத்துக்கு வேதபாட வகுப்புக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் பூட்டு. யாரோ செத்துப்போனார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு, என்னை வேண்டாம் என்று வேறு இடத்தில் கூடுகிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் ஓடும். நல்லதை நினைக்க அதற்குப் பழக்கமில்லை. மகள் ஷரோனுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, இட்ஸ் ஸ்கூல் ஹொலிடேஸ்," என்றாள்.

"நான் என்ன பள்ளிக்கூடத்துக்கே போறன்? ஜெபிக்கத்தானே வந்தனான்."

"எவ்ரிதிங் ஸ்டொப்ஸ், அம்மா. பற்றிஸை வீட்டை கொண்டு வாங்கோ."

பிறகுதான் விளங்கியது. இங்கே பள்ளிக்கூடத்தைப் போலவே கோயில் வருடமும் நான்கு தவணையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தவணை தொடங்கும்போது வேதபாடம் தொடங்கும், பெண்கள் கூட்டம் தொடங்கும், சிறுபிள்ளைகளின் பாட்டு தொடங்கும். பள்ளிக்கூடம் மூடினால் ஞாயிறு ஆராதனையைத் தவிர எல்லாம் மூடும். ஆண்டவர் என்ன செய்வார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். நிறுத்தியவள் நானில்லை. போர்க்காலத்தில் ஷெல் குண்டுக்குப் பயந்து எங்கள் ஊர் கோப்பாயில் இருந்து ஓடி, நாங்கள் போய் ஒதுங்கியது வேறோர் ஊரின் பள்ளிக்கூடத்தில். எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு வகுப்பறையின் மூலை. மேசைகளை அடுக்கிச் சுவராக்கினோம். கரும்பலகை ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது. அகதிகள் இருக்கிறவரை வகுப்பு நடத்த முடியாது, வகுப்பு நடத்துவதென்றால் அகதிகளுக்குப் போக இடமில்லை. அப்படியே, பள்ளிக்கூடத்திலேயே படுத்து எழும்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போகாத பிள்ளையானேன். அந்த நாட்களில் நிற்காமல் நடந்தது ஒன்றே ஒன்று, ஞாயிறு ஆராதனை. பள்ளிக்கூட முற்றத்து மாமரத்துக்குக் கீழே, குருவானவர் ஒரு வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து நற்கருணை கொடுத்தார். அதற்குத் தவணை கிடையாது. குண்டு போடுகிறவனிடம் அட்டவணை கேட்டு நாங்கள் கூடவில்லை.

இங்கே வியாழக்கிழமைதோறும் கோயிலில் இருந்து போனுக்கு ஈமெயில் வரும். வரவிருக்கும் நிகழ்வுகள், ஊழியங்கள் என்று நீளமாக இருக்கும். ஆண்களின் காலை உணவு. தோட்டத்தில் களை பிடுங்கும் சனிக்கிழமை. புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு. தாய்மாரும் குழந்தைகளும் விளையாடும் காலை. ஒவ்வொன்றும் ஒரு மினிஸ்ட்ரி, அதாவது ஊழியம். தேத்தண்ணி ஊற்றுவது ஒரு மினிஸ்ட்ரி, மண்டபத்துக் கதிரை அடுக்குவது ஒரு மினிஸ்ட்ரி, புல் வெட்டுவதுகூட ஒன்று. எங்கட ஊரில் ஊழியம் என்றால் குருவானவர் செய்வது, இல்லையென்றால் கடுமையான ஜெபக்காரர் செய்வது. புல் வெட்டுவது ஊழியமா என்று நான் ஒரு நாள் சிரித்தேன். அந்த ஊழியக்காரர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அவர்தான் கிரேயம். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், மனைவி ஜோனை இழந்தவர், தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிற உயரமான கிழவர். "புல்லுக்கு நான் பிரசங்கம் செய்வதில்லை, வெட்டுகிறேன் அவ்வளவுதான்," என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் நான் கோப்பை கழுவுவேன், அவர் துடைப்பார். இந்த நாட்டு ஆம்பிளைகள் மனம் திறப்பது கோப்பை கழுவுகிற தொட்டிக்கு முன்னால்தான் என்பதை நான் அங்கேதான் கண்டேன். முகம் பார்த்துக் கேட்டால் "நொட் பாட்" என்பார்கள். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றால் வார்த்தை மெல்ல மெல்ல வரும்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு அது வந்தது. குடலில் ஒரு கட்டி, வரும் வியாழன் வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்றார். பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். நாட்டின் மற்றக் கரையில், பேர்த்தில் ஒரு மகன் இருக்கிறான், பெயர் பீற்றர், ஜோனின் அடக்கத்துக்குப் பிறகு அவனோடு பேச்சில்லை என்றார். ஒரு கோப்பையைத் துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தார். கடைசியில், "எனக்கும் ஒரு ஜெபம் சொல்லு, மாலா," என்றார். என் பெயர் மலர். இங்கே எல்லோருக்கும் நான் மாலா.

கேட்டீர்கள்தானே. அவர்தான் ஜெபிக்கச் சொன்னார்.

அந்தத் தவணையில் சபைக்காக முன்னால் நின்று ஜெபிக்கிற ஊழியத்தில் நானும் இருந்தேன். எங்கள் குருவானவர் ஆண்ட்ரூதான் சேர்த்தவர். ஆண்ட்ரூவுக்கு ஷரோனைவிடச் சில வயதுதான் கூட. அங்கி போடமாட்டார், ஜீன்ஸோடு பிரசங்கம் செய்வார். ஐயா என்று கூப்பிட்டால் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். என் ஆங்கிலம் நான் துணி தோய்க்கிற முதியோர் இல்லத்து லோண்ட்றியில் படித்த ஆங்கிலம் என்று சொல்லி நான் பின்னுக்கு நின்றேன். "ஆண்டவர் இலக்கணம் பார்ப்பதில்லை," என்றார். முதல் முறை எழுதின தாளில் இருந்து கண் எடுக்காமல் வாசித்தேன். பழகிவிட்டது. ஞாயிறு காலை இரண்டு ஆராதனை, நடுவில்தான் அந்தத் தேநீர் நேரம். பதினொரு மணிக்குத் தொடங்குகிற இரண்டாவது ஆராதனையில் அன்று என் முறை, கிரேயமும் அதற்கு இருந்தார்.

ஊரில் எப்படி ஜெபிப்போமோ அப்படி ஜெபித்தேன். "ஆண்டவரே, எங்கள் சகோதரன் கிரேயமைப் பாரும். வியாழக்கிழமை அவருடைய குடலில் இருக்கிற கட்டியை வெட்டப்போகிறார்கள். அவர் பயந்துபோயிருக்கிறார். டொக்டர்மாரின் கையைப் பிடித்துக்கொள்ளும். பேர்த்தில் இருக்கிற அவருடைய மகன் பீற்றரின் மனதை இளக்கும். தகப்பனோடு பேச வையும்." என் கண் மூடியிருந்தது. திறந்தபோது எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது. ஜெபத்துக்குச் சபை சேர்ந்து சொல்ல வேண்டிய பதில் முன்னால் திரையில் எழுதியிருந்தது, அதை ஒருவரும் சொல்லவில்லை. கிரேயம் முன் ஆசனத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் என்னோடு மழையைப் பற்றிப் பேசினார்கள். எங்கட சனம் கோபம் வந்தால் முகத்துக்கு நேரே கேட்கும், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பும். இங்கே மழையைப் பற்றிப் பேசினார்கள் என்றால் ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. லோண்ட்றியில் ஒரு கிழவியின் கம்பளிச் சட்டையைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுருக்கிவிட்டேன். காஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்தேன். வியாழன் முழுக்கக் கிரேயம் பிழைப்பாரா என்று கை பிசைந்துகொண்டிருந்தேன். அவர் செத்தால் என் ஜெபத்தால்தான் செத்தார் என்று சொல்வார்கள் என்றும் ஒரு மூலையில் யோசித்தேன். வெட்கம்தான், ஆனால் யோசித்தேன்.

கிரேயம் பிழைத்தார். ஆண்ட்ரூ என்னைக் கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டார். என் மனம் நல்ல மனம் என்றார். என் பற்றிஸ் நல்ல பற்றிஸ் என்றார். தமிழ்ச் சனம் வந்ததால் சபைக்கு உயிர் வந்தது என்றார். இந்த நாட்டில் ஒருவர் அடுக்கடுக்காகப் புகழ்ந்தால் பின்னால் ஏதோ வருகிறது. வந்தது. இங்கே ஒருவரின் நோய் அவருடைய சொந்த விஷயம், குடும்பச் சண்டை இன்னும் சொந்தம், ஆட்கள் மனம் நொந்துபோயிருக்கிறார்கள் என்றார். பிறகு, "அடுத்த தவணை நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுத்தால் என்ன?" என்றார்.

"எனக்குக் களைப்பில்லை," என்றேன்.

"இல்லை, ஆனாலும் ஒரு இடைவெளி நல்லது."

"நான் நல்லா நித்திரை கொள்ளுறனான்," என்று பொய்யும் சொன்னேன்.

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். என் உடம்பில் இவ்வளவு அக்கறையா என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ஷரோனிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஹீ இஸ் டேக்கிங் யூ ஓஃப். உங்களை ஜெபத்தில இருந்து நிப்பாட்டுறார்."

"ஓய்வெண்டுதானே சொன்னவர்?"

"தட்ஸ் ஹவ் தே ஸே இட்."

அந்தத் தவணையின் கடைசி ஞாயிறு கூட்டு ஆராதனை. ஆங்கிலச் சபையும் தமிழ்ச் சபையும் ஒன்றாக இருந்து, பிறகு முற்றத்தில் ஒன்றாகச் சாப்பிடுவது. வருகிற நிகழ்வுகளில் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. அன்றைக்கு ஜெபிக்க என்னைத்தான் போட்டிருந்தார்கள். ஜெபிக்கிறவர்களின் பட்டியலில் என் பெயர் இன்னும் இருந்தது, ஆனால் அடுத்த தவணை இருக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாதம் ஒருமுறை நடக்கிற எங்கள் தமிழ் ஆராதனையைக் கவனிக்கிற இம்மானுவேல் அண்ணையிடம் போனேன். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்.

"தங்கச்சி, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்," என்றார். "எங்களுக்கு மண்டபம் தாறது அவங்கள். நாளைக்கு இல்லையெண்டா ஆர்ட கராஜுக்குள்ள ஆராதனை வைக்கிறது?"

"அண்ணை, நான் ஜெபிச்சனான். களவெடுக்கேல்லை."

"களவெடுத்திருந்தா மன்னிச்சிருப்பாங்கள். அதுக்குப் பாவமன்னிப்பு ஜெபம் திரையிலயே இருக்கு."

சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அண்ணை சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. எங்கட ஜெபத்தின் மறுபக்கம் எனக்குத் தெரியாததல்ல. போன வருடம் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில் ஒருத்தி, "கணவனால் கைவிடப்பட்ட எங்கள் தங்கையை" என்று தொடங்கினாள். அந்தத் தங்கை கூட்டம் முடிந்து கார் எடுத்து வீட்டுக்குப் போய்ச் சேர முன்னம், மெல்பேர்னில் கிரெய்கிபர்னில் இருக்கிற அவளுடைய மாமிக்குச் செய்தி போய்விட்டது. அந்தப் பிள்ளை பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. பெயர் சொல்லுவதில் சுகமும் உண்டு, சூடும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பெயர் சொல்லாமல் விடுவது எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். என் அண்ணா நேசனை ஒரு மத்தியானம் சைக்கிளோடு பிடித்துக்கொண்டு போனார்கள். ஆர் பிடித்தது என்பதை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா ஏறாத படியில்லை. போன இடமெல்லாம் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். ஊர்ச்சனமும் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை எடுப்பதை விட்டுவிட்டது. பயம், பாவம், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். கோயிலில் பெரியவர்கள் சிலர் குருவானவரிடம் போய், பெயரைச் சொல்ல வேண்டாம், காணாமல்போனோருக்காக என்று பொதுவாகச் சொல்லுங்கள், வாசலில் ஆர் நிற்கிறான் என்று தெரியாது என்றார்கள். அவர் அடுத்த ஞாயிறு, "ஆண்டவரே, நேசனை உமக்குத் தெரியும்," என்றார். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னார். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திரும்பி வந்தும் சொன்னார். அண்ணா வரவில்லை. ஆனால் என் அண்ணா என்று ஒருவன் இருந்தான் என்பதை உலகத்தில் ஒரே ஓர் இடம் வாரம் தவறாமல் ஒப்புக்கொண்டது. அம்மா அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சேலை மாற்றினா. பெயர் இல்லாத ஜெபம் முகவரி எழுதாத கடிதம் போன்றது என்று நான் எண்ணுவது அதனால்தான். போய்ச்சேரலாம், ஆனால் ஆருக்கு எழுதியது என்று காத்திருக்கிறவருக்குத் தெரியாது.

எனக்கு முதலில் தெரியவேண்டியது கிரேயம் நொந்துபோனாரா என்பது. மற்றதெல்லாம் பிறகு. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அரிசிக் கஞ்சி காய்ச்சி, சட்டியைத் துணியால் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். "டெக்ஸ்ட் பண்ணிட்டுப் போங்கோ," என்றாள் ஷரோன். நோயாளியைப் பார்க்கப் போக ஆர் அனுமதி கேட்பது? ஆனாலும் பஸ்ஸில் இருந்து இறங்கினதும் கால் பின்வாங்கியது. அவருடைய தெருவை இரண்டு தரம் கடந்து போனேன். வீட்டைக் காட்டிக்கொடுத்தது புல். ஊருக்கெல்லாம் புல் வெட்டுகிற மனிதனின் முற்றத்தில் புல் முழங்கால் உயரம் நின்றது.

கம்பி வலைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். மெலிந்திருந்தார். கதவைத் திறக்கவில்லை.

"என்னில் கோபமா?" என்று கேட்டேன்.

"ஆமாம்," என்றார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில். "கோயிலில் பூ அடுக்குகிற பெண்களுக்கெல்லாம் என் குடல் தெரியும் இப்போது."

"குடல் எல்லாருக்கும் இருக்குத்தானே," என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"பீற்றரைச் சொல்ல உனக்கு உரிமையில்லை."

ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சட்டியை வாசலில் வைத்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சொன்னேன். "பீற்றரைச் சொன்னதற்கு மன்னியுங்கோ. உங்களைக் கேட்டிருக்க வேணும். உங்களுக்காக ஜெபித்ததுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டன். நீங்கள்தான் கேட்டனீங்கள்."

அவர் சட்டியைப் பார்த்தார். "அது உறைப்பா?"

"இல்லை. கஞ்சி. உப்பு மட்டும்."

கதவு திறந்தது.

குசினி மேசைக்கு முன்னால் இருந்து கஞ்சியை மெல்ல மெல்லக் குடித்தார். எழும்பிக் கோப்பையைத் தொட்டியில் வைத்தார். நான் கழுவத் தொடங்கினேன், அவர் துணியை எடுத்தார். அப்போதுதான் பேச்சு வந்தது. "ஜோன் நோயில் விழுந்தபோது," என்றார், "ஞாயிறுதோறும் ஜெபித்தார்கள். உடல்நலம் குறைந்திருப்பவர்களுக்காக என்று. பொதுவாக. மரியாதையாக. ஜோன் எனக்குப் பக்கத்தில், தலைமயிர் கொட்டி, தொப்பியோடு இருந்தாள். ஒவ்வொரு முறையும் என் காதுக்குள், 'அது நானாக்கும்' என்பாள்." சிரிக்கத் தொடங்கினார். தையல் நோகும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு வேறொன்றாக மாறியபோது நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்கு இந்த நாட்டு மரியாதை எனக்கும் வந்துவிட்டது.

போகும்போது சொன்னார். "என் பெயரைச் சொல்லு. குடலையும் வேண்டுமென்றால் சொல்லு. பீற்றரை விட்டுவிடு. அவர்களுக்கு முன்னால் வேண்டாம்."

அங்கிருந்து நேரே ஆண்ட்ரூவின் அலுவலகத்துக்குப் போனேன். வீட்டுக்குப் போனால் பயம் வந்துவிடும் என்று எனக்கு என்னைத் தெரியும். வெறும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆங்கிலம் பிழையாக வந்தது, நான் நிறுத்தவில்லை. "எனக்கு ஓய்வு வேண்டாம்," என்றேன். "ஆரோ தீர்மானித்து என் பள்ளிக்கூடத்தை ஒரு முறை மூடினார்கள். அப்போது நான் சின்னப்பிள்ளை, ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை சொல்லுவேன். நான் கேட்காமல் சொன்னது பிழை. இனிமேல் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுச் சொல்லுவேன். ஆனால் பெயர் இல்லாமல் ஜெபிக்கமாட்டேன். பெயர் வேண்டாம் என்றால் என்னை ஊழியத்தில் இருந்து எடுங்கள். எடுத்துவிட்டேன் என்று சொல்லி எடுங்கள். ஓய்வு என்று சொல்லாதீர்கள்."

ஆண்ட்ரூவின் முகம் கழுத்துவரை சிவந்தது. நல்ல பிள்ளை, அவருக்கு ஆரோடும் சண்டை பிடித்துப் பழக்கமில்லை. ஜெபத்தை எழுதி முன்னரே அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன், ஞாயிறு காலை வாசலில் கேட்கப்போகிறதை வியாழனே எப்படி எழுதுவது? பிறகு எனக்கு முன்னாலேயே கிரேயமுக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டது என்று கேட்கவில்லை. ஆனால் ஆண்ட்ரூ போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. வைத்துவிட்டு, "சரி மாலா, கேட்டுவிட்டு," என்றார். "கட்டாயம் கேட்டுவிட்டு."

கூட்டு ஆராதனை நாள் நான் எல்லோருக்கும் முன்னதாகப் போய் வாசலில் நின்றேன். வருகிறவர்களிடம், "இன்றைக்கு உங்களுக்கு என்ன ஜெபிக்க?" என்று கேட்டேன். அநேகம் பேர் எல்லாம் நலம் என்று சிரித்துக்கொண்டு விலகினார்கள். சிலருக்குப் பிடிக்கவில்லை, தெரிந்தது. பூ அடுக்குகிற ஒரு பெண் உள்ளே போய் இருந்துவிட்டுத் திரும்ப வந்து, தன் முழங்காலைச் சொல்லலாம் என்றா. பிறகு, முழங்காலோடு தன் தங்கையையும் என்றா. இம்மானுவேல் அண்ணை குனிந்து, "என்ர சுகரை மட்டும் சொல்லிப்போடாதை, மத்தியானம் கேசரி இருக்கு," என்றார்.

கடைசியாக, தடி ஊன்றிக்கொண்டு கிரேயம் வந்தார். நான் கேட்க முன்னமே, "குடல்," என்றார். "நன்றி சொல்லு."

"மற்றது?" என்று மெதுவாகக் கேட்டேன். "அதை நான் தமிழில் சொல்லட்டுமா?"

உள்ளே சேலைகளும் வேட்டிகளுமாக நிறைந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். "உங்கள் ஆட்கள் வம்பளப்பார்களா?"

"நல்லா."

"எந்த மொழியில்?"

"தமிழில்."

"அப்படியென்றால் பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முன்னால் போய் நின்றேன். ஆங்கிலத்தில் தொடங்கினேன். கிரேயமுடைய பெயரைச் சொன்னேன், குடலைச் சொன்னேன், நன்றி சொன்னேன். முழங்காலையும் தங்கையையும் பெயரோடு சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சபை திரையைப் பார்த்துப் பதில் சொன்னது. பிறகு தமிழுக்கு மாறினேன். "ஆண்டவரே, பேர்த்தில ஒரு மகன் இருக்கிறான். ஆரெண்டு உமக்குத் தெரியும். தகப்பன் இங்க இருக்கிறார். இரண்டு பேரும் பிடிவாதக்காரர். நீர்தான் முதலில போன் எடுக்க வைக்க வேணும்."

தமிழ்ப் பக்கம் உடனே ஆமென் என்றது. மற்றப் பக்கம் திரையைப் பார்த்தது. திரையில் இதற்கு எழுத்து இல்லை. அப்போது அந்த மௌனத்துக்குள் கிரேயமின் கரகரத்த ஆமென் தனியாக வந்தது. கொஞ்சம் பொறுத்து, அவருக்குப் பின்னால் மற்றவர்களுடையது வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கட ஆமெனுக்கும் அவர்களுடைய ஆமெனுக்கும் நடுவில் ஒரு மூச்சளவு இடம் இருந்தது. அந்த இடத்தில், மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த பெயரை எந்த மொழியில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். இறங்குகிற எண்ணம் மட்டும் எனக்கு இருக்கவில்லை.